ஊருக்கே பிடித்தவன்!

"ஐயோ... டீச்சரம்மா!"

அந்த அலறலில் றப்பர் மரங்களில் இருந்த காகங்கள் கலைந்து பறந்தன.

செவ்வாய்க்கிழமை. பகல் பன்னிரண்டு மணி.

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டம். செங்குத்தான கல்படிக்கட்டு. அதன் கடைசிப் படியில் விஜயகலா கிடந்தாள்.

தோட்டத்துப் பாலர் பாடசாலை டீச்சர். வயது இருபத்தாறு. பின்மண்டை உடைந்திருந்தது. மூச்சு இல்லை.

கைப்பையில் இருந்ததெல்லாம் சிதறிக் கிடந்தது. சீப்பு, கலர் பென்சில்கள், பஸ் டிக்கட்...

போனை மட்டும் காணவில்லை!

பின்னேரம் மூன்று மணிக்கு, பஜாரில் இருந்த ஒரு போன் திருத்தும் கடைக்குள் நுழைந்தார் இன்ஸ்பெக்டர் றம்ஸீன். பின்னால் ஒரு கான்ஸ்டபிள்.

"நேத்து அந்த டீச்சர் இங்க வந்து கத்தினாங்களாமே?"

கடைக்கு இரண்டு பங்காளிகள்.

கௌண்டரில் நிற்பவன் இந்திரகுமார். சிரித்த முகம். வருகிறவர்களின் பெயர் தெரியும், பிள்ளைகளின் பெயர் தெரியும், யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பதும் தெரியும். "ஆத்தா, மகள் டுபாயில இருந்து பேசுச்சா?" என்று ஒரு கேள்வி கேட்பான். அதற்காகவே, வழியில் உள்ள மூன்று கடைகளைத் தாண்டி இந்தக் கடைக்கு வருவார்கள்.

உள்ளே மேசையில் குனிந்திருப்பவன் உதயராஜ். செத்த போனுக்கும் உயிர் கொடுப்பான். ஆனால் சிரிக்க மாட்டான். "வச்சிட்டுப் போங்க. நாளைக்கு வாங்க." அவ்வளவுதான் பேச்சு.

இந்திரகுமார் தலையைக் குனிந்தான். கண் கலங்கியது.

"சேர்... எப்படிச் சொல்றது... பதினஞ்சு வருஷப் பழக்கம்..."

"சொல்லுங்க."

"டீச்சர் போன் திருத்தக் குடுத்தாங்க. அதுல இருந்த அவங்க சொந்தப் படங்கள யாரோ எடுத்து மிரட்டியிருக்காங்க சேர். 'கூப்புட்ற எடத்துக்குத் தனியா வா'ன்னு. டீச்சர் வந்து... உதயராஜ்கிட்டத்தான் கத்தினாங்க."

உதயராஜ் துள்ளி எழுந்தான்.

"நான் எடுக்கலடா! ஒனக்குத் தெரியாதா?"

கான்ஸ்டபிள் மேசை லாச்சியை இழுத்தார். ஸ்க்ரூக்களுக்கு அடியில் ஒரு மெமரி கார்ட். தன் போனில் போட்டுப் பார்த்தார் றம்ஸீன்.

விஜயகலாவின் படங்கள்!

"காலையில பதினொரு மணிக்கு எங்க இருந்த?"

"கடையில... ஷட்டரப் பாதி எறக்கிட்டு வேலை செஞ்சேன்."

"பாத்தவங்க யாராச்சும்?"

"இல்ல..."

"நீங்க?" றம்ஸீன் திரும்பினார்.

"அவிசாவளைக்குப் போயிருந்தேன் சேர். ஸ்பெயார் சாமான் எடுக்க."

உதயராஜின் கையில் விலங்கு ஏறியது. பஜாரே வேடிக்கை பார்த்தது.

"அப்பவே நெனச்சேன்! மூஞ்சப் பாத்தாலே தெரியல?" என்றார் பக்கத்து மரக்கறிக்கடைக்காரர்.

புதன்கிழமை காலை.

லொக்கப் கம்பிக்கு வெளியே இந்திரகுமார் நின்றான். கையில் சோத்துப் பார்சல்.

"சாப்புடு மச்சான்."

"நீயாச்சும் நம்புறியாடா?"

இந்திரகுமார் பார்சலைக் கம்பிக்குள் நீட்டினான்.

"சொல்லுடா! நீ நம்புறியா?"

"ஊரே சொல்லுதே மச்சான்... ஒத்துக்க. நல்ல லோயரா நான் புடிக்கிறேன்."

உதயராஜ் பார்சலைத் தொடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். நேற்று விலங்கு மாட்டியபோதுகூட அவனுக்கு இப்படி வலிக்கவில்லை.

வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க இந்திரகுமாரை உள்ளே கூப்பிட்டார் றம்ஸீன். அப்போதுதான் வெளியே சத்தம் கேட்டது.

இருபது பேருக்கு மேல்! எல்லாரும் கடைக்கு வருகிறவர்கள்.

"என்ன கூட்டம்?"

"எங்க தம்பியையும் புடிச்சிட்டீங்கன்னு சொன்னாங்க ஐயா! அது தங்கமான புள்ள!"

"யாரும் புடிக்கல. கையெழுத்துக்கு வந்தாரு."

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி முன்னால் வந்தாள். மருதாயி. றப்பர் பால் வெட்டுகிறவள். வேலையை விட்டுவிட்டு நேரே வந்திருந்தாள்.

"அந்தத் தம்பிய ஒன்னும் செஞ்சிராதீங்க ஐயா! அது மாதிரி மனுசன் இந்த ஊருல இல்ல. ரெண்டு வாளி நெறையப் பால். எனக்கோ முழங்கால் வலி. எதுக்க வந்துச்சு. 'குடுங்க ஆத்தா'ன்னு ஒரு வாளிய வாங்கி பால் சேக்குற ஸ்டோர் வாசல் வரைக்கும் தூக்கிட்டு வந்துச்சு! சட்டையெல்லாம் பால் சிந்திருச்சு. நான் பதறிப் போயிட்டேன். அதுவோ சிரிச்சுக்கிட்டே போயிருச்சு!"

றம்ஸீன் புன்னகைத்தார். நல்ல மனிதன்தான்!

உள்ளே போகத் திரும்பியவர், சும்மா கேட்டார்.

"இது எப்ப நடந்திச்சு?"

"நேத்துத்தாங்க ஐயா!"

புன்னகை நின்றது.

"நேத்து... எத்தன மணிக்கு?"

"ஸ்டோருக்குப் பால் கொண்டு போற நேரம். பதினொன்னரை இருக்கும்."

"எங்க வச்சுப் பாத்தீங்க?"

"கல்படியில இருந்து வார குறுக்குப் பாதையிலங்க. அந்தப் பக்கமிருந்துதான் தம்பி வந்துச்சு. பாவம், வேர்த்து விறுவிறுத்து..."

சொல்லிக்கொண்டே வந்த மருதாயி நிறுத்தினாள். கூட்டத்தில் இருந்த எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ... நான் நல்லது சொல்லத்தானேங்க வந்தேன்!"

றம்ஸீன் உள்ளே பாய்ந்தார்.

"அவிசாவளைக் கடையில றப்பர் பால் எங்க கெடைக்குது இந்திரகுமார்?"

"என்ன சேர்?"

"நேத்துக் காலையில போட்டிருந்த சட்டை எங்க?"

இந்திரகுமாரின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. ஆனால் கண் கதவுப் பக்கம் போனது.

ஒரு மணி நேரத்தில் பொலிஸ் ஜீப் அவன் வீட்டிலிருந்து திரும்பியது. துணி துவைக்கிற பேசினில் ஊறிக்கிடந்த ஒரு சட்டை. எத்தனை கசக்கியும் போகாமல் ஒட்டியிருந்த றப்பர் பால். அரிசி டின்னுக்குள் இரண்டு போன்கள். ஒன்று விஜயகலாவுடையது. மற்றது... மிரட்டல் வந்த நம்பர்!

"சொல்லு."

"உதயராஜ்கிட்ட இருந்து படத்த வாங்கித் தாறேன்னு சொல்லி கல்படிக்கு வரச் சொன்னேன் சேர். வந்தாங்க. 'இப்ப அந்த நம்பருக்குக் கோல் எடுக்கிறேன், அவன் எங்க இருக்கான்னு பாப்போம்'னு எடுத்தாங்க..."

"ம்?"

"என் பொக்கெட்ல அடிச்சிருச்சு."

றம்ஸீன் பேனாவைக் கீழே வைத்தார்.

"தள்ளிவிட்டுட்டு ஓடாம, எதுக்குடா வாளியத் தூக்கின?"

"தூக்காமப் போனா அந்தம்மா ஞாபகம் வச்சுக்கும்னு நெனச்சேன் சேர். நான் ஒரு நாளும் அப்படிப் போனதில்லையே..."

"தூக்கினதத்தான் ஞாபகம் வச்சிருக்கு!"

லொக்கப் கதவு திறந்தது. ஒருவன் வெளியே வந்தான். ஒருவன் உள்ளே போக நின்றான்.

உதயராஜ் அவன் எதிரில் போய் நின்றான்.

"அந்த கார்ட நீதான் என் லாச்சியில வச்சியா?"

இந்திரகுமார் தலையாட்டினான்.

"ஏன்டா? நான் என்னடா செஞ்சேன் ஒனக்கு?"

இந்திரகுமார் முதன்முறையாகச் சிரிக்காமல், கண் கலங்காமல் பேசினான்.

"ஒன்ன யாருக்கும் புடிக்காது மச்சான். நீதான்னு சொன்னா ஒடனே நம்பிருவாங்கன்னு தெரியும். அதான்."

உதயராஜ் வழியை விட்டு விலகினான்.

"எனக்கு ஒன்னப் புடிச்சிருந்திச்சேடா..."

கதவு மூடியது.

வெளியே கூட்டம் கலையாமல் நின்றது. நேற்று மூஞ்சியைப் பற்றிச் சொன்ன மரக்கறிக்கடைக்காரர்தான் முதலில் ஓடி வந்தார்.

"எங்களுக்கு அப்பவே தெரியும் தம்பி! நீங்க அப்படி ஆள் இல்லன்னு!"

உதயராஜ் அவரைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். ஓரமாக அழுதுகொண்டிருந்த மருதாயிக்கு மட்டும் கை எடுத்துக் கும்பிட்டான். வேறு யாரிடமும் பேசாமல் நடந்தான்.

ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. றம்ஸீன் தலையை நீட்டினார்.

"ஏறுங்க, கடையில விட்றேன். கௌண்டர்ல இனி யார வைக்கப் போறீங்க?"

"யாரையும் இல்ல சேர். வாசல்ல ஒரு போட் எழுதி மாட்டப் போறேன்."

"என்னன்னு?"

"'இங்கு போன் மட்டும் திருத்தப்படும். சிரிக்கப்படமாட்டாது!'"