முந்திக்கொள்ளும் குரல்

“உன் குரல் எப்படி இருக்கும்?” என்று ஓவியர் ஒருமுறை அவளிடம் கேட்டார். பதிப்பகத்தில் அவள் சேர்ந்து பல மாதங்கள் ஆகியும், அவள் பேசி அவர் கேட்டதில்லை. அவள் சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டாள். “சரி விடு, ஊமைப் படம் எடுத்தா உன்னைத்தான் கூப்பிடுவேன்” என்று அவர் தேநீர்க் கோப்பையோடு நகர்ந்துவிட்டார்.

அந்தக் கேள்வி இந்தச் சனிக்கிழமை மாலையில் ஏன் நினைவுக்கு வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஹெட்போனில் ஒரு வாசகி பேசிக்கொண்டிருந்தார். அவர் ‘எல்லாம்’ என்று சொல்வதற்குச் சற்று முன்னால், அதே சொல்லை வேறு யாரோ மிக மெல்லச் சொன்னது போலிருந்தது.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள்தான் பதிப்பகம். மழைக்காலத்தில் கீழேயிருந்து ரப்பர் வாடையும், நனைந்த காகிதக் கட்டுகளின் புளித்த வாடையும் கலந்து, ஜன்னலைத் திறந்தாலும் போகாமல் சுவரோரமாகவே தேங்கி நிற்கும். அவளுக்கு மூலையில் ஒரு மேசை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவளுக்கு, யாரிடமும் வாய் திறக்கத் தேவையில்லாத இந்த வேலை பிடித்திருந்தது. சித்திர நாவலின் பின்னட்டையில் ஒரு தொலைபேசி எண் அச்சிட்டிருந்தார்கள். அதை அழைத்து வாசகர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் பதிவாகும். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் அவள் வேலை. தேர்ந்தெடுத்தவை இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கங்களில் ‘வாசகர் குரல்’ என்று வரும்.

நாவலின் பெயர் ‘செவித்துறை’. வேறொரு கிரகத்தில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு நகரம். தேர்தலுக்குத் தேர்தல் அங்கே ஒரே ஆள்தான் ஜெயிக்கிறான். வாக்கு எண்ணும் குமாஸ்தா ஒருத்தி காரணத்தைத் தேடிப் போகிறாள். அரசாங்கத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு துறை இருக்கிறது. அதன் ஊழியர்களுக்கு ஓதுநர்கள் என்று பெயர். அவர்கள் வீடு வீடாகப் போய், மனிதர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று, காதில் ஓதுகிறார்கள். கேட்பவர்கள் அதைத் தங்கள் சொந்தக் கருத்து என்றே நம்பி வெளியே சொல்கிறார்கள்.

முதல் வாரம் முழுக்க அவள் வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டு தட்டச்சு செய்தாள். வேன் ஓட்டும் ஒருவர் சொன்னார்: “எலெக்‌ஷன் அன்னைக்கு எல்லாரும் ஹெல்மெட் போட்டுட்டுப் போனா கதை முடிஞ்சுது. இது கூடவா அந்த ஊர்ல ஒருத்தனுக்கும் தோணல?” ஒரு வங்கி ஊழியை, அமைச்சரின் மூக்கு பக்கத்துக்குப் பக்கம் வளர்வதாகக் குறைபட்டுக்கொண்டார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் நிதானமாகத் தொண்டையைச் செருமிவிட்டு ஆரம்பித்தார்: “கதையில பெரிய ஓட்டை இருக்கு. ஓதுநருக்கே தான் ஓதுநர்னு தெரியாதாம். ராத்திரி தூங்குறப்போ அந்த வேலை நடக்குதாம். வாயே திறக்காத, யார் கண்ணுலயும் படாத ஆளாப் பார்த்துப் பொறுக்கி எடுப்பாங்களாம். காதுல பூ சுத்துறதுக்கும் ஒரு அளவு வேணாமா?”

அதைத் தட்டச்சு செய்த அன்று அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அந்த வாரம் தினமும் காலையில் அப்படித்தான் இருந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்கா, மாத்திரையைக் கையில் திணித்துவிட்டுச் சிரித்தாள். “நாள் பூரா கத்துறவ நானு. பேசாத வாய்க்கு எதுக்குடி தொண்டை கட்டுது, ஊமைக்கோட்டான்?” அம்மா போனபிறகு அந்த ஒற்றை அறையில் அவர்கள் இருவர்தான். அவள் ஒரு நாளில் பேசுகிற பத்துச் சொல்லும் அக்காவிடம்தான்.

இரண்டாவது வாரத்தில் அதே ஆட்கள் மறுபடி அழைத்தார்கள்.

வேன்காரர் ஹெல்மெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. குறை ஒண்ணும் இல்ல” என்றார். அவ்வளவுதான். வங்கி ஊழியையும் அதையே சொன்னார். வாத்தியார் தொண்டையைச் செருமக்கூட இல்லை. குரல் மட்டும் அவருடையது. ஏற்ற இறக்கம் அவருடையதில்லை. பள்ளிப் பிள்ளை மனப்பாடப் பகுதியை ஒப்பிப்பது போல, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. குறை ஒண்ணும் இல்ல” என்றார். பிறகு போனை வைத்துவிட்டார்.

இப்போது அவள் வாத்தியாரின் பதிவை மறுபடி போட்டு, ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டாள். முதலில் வெறும் இரைச்சல், எண்ணெய் காய்வது போல. அதற்குள் எங்கோ ஒரு கடிகாரம். அதற்கும் உள்ளே, வாய்க்கு மிக அருகில் பிடித்த மூச்சு. பிறகு கிசுகிசுப்பாக ஒரு குரல், ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’. அது முடிந்ததும் வாத்தியார், ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’.

அவள் எழுந்துபோய், கிளம்பிக்கொண்டிருந்த பதிப்பாசிரியரின் சட்டைக் கையைத் தொட்டாள். அவர் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக் கேட்டார்.

“எக்கோம்மா. லைன் சரியில்ல.”

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். எக்கோ பின்னால்தான் வரும். இது முன்னால் வருகிறது. அதைச் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை.

“நல்லதாத்தானே சொல்றாங்க? திட்டினாத்தான் நாம கவலைப்படணும். அடிச்சு வெச்சிட்டுக் கிளம்பு, மழை வலுக்கப் போகுது” என்று சொல்லிவிட்டு அவர் குடையை உதறிக்கொண்டு இறங்கினார். மரப்படிகள் ஒவ்வொன்றாக முனகி ஓய்ந்தன. கீழே டயர் கடையின் ஷட்டரும் இறங்கியது.

அக்கா அழைத்துப்போக வருவதாகச் சொல்லியிருந்தாள். அதுவரை வேலையை முடிக்கலாம் என்று அடுத்த பதிவைத் திறந்தாள். பிறகு அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் அது இருந்தது. ஒரு வீட்டில் குழந்தை அழுதது, ஒரு வீட்டில் மின்விசிறி கடகடத்தது, ஒரு வீட்டில் தண்ணீர் சொட்டியது. வீடுகள் வேறு வேறு. கிசுகிசுப்பு ஒன்றுதான். பெண் குரல். கொஞ்சம் கரகரப்பு. எங்கேயோ கேட்டதுபோல. எங்கே என்றுதான் தெரியவில்லை.

பட்டியலில் கடைசியாக நேற்று இரவு வந்த பதிவு ஒன்று இருந்தது. அழுத்தினாள்.

“ஹலோ, வணக்கம். நான் ஒரு வாசகி.” அக்கா. குரலை வேண்டுமென்றே கிழவிபோல மாற்றியிருந்தாள். “என் தங்கச்சி பக்கத்துலயே தூங்குறா, அதனால மெதுவாப் பேசுறேன். அவதான் இதையெல்லாம் டைப் அடிக்கிறவ. ஏய், திங்கக்கிழமை இதைக் கேட்டு நீ சத்தம் போட்டுச் சிரிக்கணும், அதுக்குத்தான் இந்தக் கூத்து. சரி, புத்தகத்துக்கு வருவோம். எனக்கு அந்த குமாஸ்தாப் பொண்ணைப் பிடிக்கல. அவ்ளோ பெரிய சதியைக் கண்டுபிடிக்கிறா, ஒரு வேளையாச்சும் சாப்பிடுறாளா? அப்புறம் அந்த…”

நின்றுவிட்டது.

இரைச்சல். மூச்சு. பாய் அசையும் சத்தம்.

கிசுகிசுப்பு. மற்ற எல்லாப் பதிவுகளையும்விடத் தெளிவாக, மற்ற எல்லாவற்றையும்விட அருகில்.

பிறகு அக்கா. சிரிப்பு இல்லாமல். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. குறை ஒண்ணும் இல்ல.”

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் போட்டாள். அப்படியானால் அது வீட்டுக்குள் வந்திருக்கிறது. பூட்டிய கதவுக்கு உள்ளே. தான் தூங்கிக்கொண்டிருக்கும்போது, அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறது. இன்று காலையில் அக்கா மாத்திரையைக் கொடுக்கும்போது கிண்டல் செய்யவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அக்காவை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை.

கீழே படி முனகியது.

இன்னொன்று.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னடி இருட்டுல உக்காந்திருக்கே? லைட்டைப் போட்டா பில்லு உன் சம்பளத்துல பிடிப்பாங்களா?” அக்கா. அக்காவேதான். நனைந்த குடையைக் கதவில் சாத்திவிட்டு, லைட்டைப் போட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “ஒரு ஆட்டோக்காரனும் வரமாட்டேன்னுட்டான். என்ன, பேயறைஞ்ச மாதிரி முழிக்கிறே?”

அவளுக்கு அழுகை வந்தது. ஹெட்போனை எடுத்து அக்காவிடம் நீட்டினாள்.

“ஓ, என்னோடதைக் கேட்டுட்டியா? திங்கக்கிழமைதான் கேப்பேன்னு நெனச்சேன். சிரிச்சியா?”

“நீ கேளு.” கரகரப்பாக வந்தது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனைப் போட்டுக்கொண்டாள். முதலில் தன் கிழவிக் குரலுக்குத் தானே சிரித்தாள். தலையை ஆட்டினாள். பிறகு புருவம் சுருங்கியது. “இதை நான் எப்ப சொன்னேன்?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். ஒலியைக் கூட்டினாள். மறுபடி.

அக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு வடிவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“யாருக்கா அது? உனக்குத் தெரியுமா?”

அக்கா திரும்பவில்லை. அசையவில்லை. கழுத்து மட்டும் விறைத்திருந்தது. தங்கை பேசிக் கேட்டவர்கள் இந்த ஊரில் அதிகம் பேர் இல்லை. தினமும் கேட்பவள் ஒருத்திதான்.

அக்கா மெல்ல ஹெட்போனைக் கழற்றினாள். நாற்காலியோடு திரும்பினாள். தங்கையின் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தாள்.

“அக்கா?”

அக்காவின் பார்வை வாயைவிட்டு அகலவில்லை. அவளும் எதிரே, அதற்குள் தானாக அணைந்துபோயிருந்த கம்ப்யூட்டர் திரையின் கறுப்பில் தன் முகத்தைப் பார்த்தாள். தான் பேசி முடித்துவிட்டதாகத்தான் அவளுக்குத் தெரியும். திரையில் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தமில்லாமல். நிறுத்தாமல். விரலால் உதட்டைத் தொட்டாள். விரலுக்கடியிலும் அசைந்தன. சூடான மூச்சு. வடிவம் தெரிந்த சொற்கள்.

எல்லாம்.

நல்லாத்தான்.

அக்காவின் உதடுகள் தாமாகப் பிரிந்தன. “எல்…”

இரண்டு கைகளாலும் அக்கா தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுத்தி. விரல் நகங்கள் கன்னத்தில் பதியும் அளவுக்கு. கண்களில் நீர் முட்டியது. அப்படியே எழுந்தாள். முதுகைக் காட்டாமல், சுவரைத் தோளால் தடவிக்கொண்டே, பின்னோக்கி நடந்தாள். குடை கால் பட்டு விழுந்தது. எடுக்கவில்லை.

அவள் ‘போகாதே’ என்று சொல்ல நினைத்தாள். வாயில் அதற்கு இடம் இல்லை.

நாள் பூரா பேசுகிற அக்கா, பொத்திய கையை எடுக்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல், மழைக்குள் இறங்கிப் போனாள்.