மிளகாயின் சிவப்பு டம்ளர்

அந்த டம்ளரைப் பார்த்தாலே மிளகாய்க்குப் பற்றிக்கொண்டு வரும்.

வகுப்பில் எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர். அவளுக்கு மட்டும் பிளாஸ்டிக். அதன் அடியில் நகப்பூச்சால் பெரிய சிவப்பு வட்டம். "மறந்துகூட யாரும் இதுல குடிச்சிடாதீங்க" என்று சொல்லி டீச்சரே வரைந்தது.

அவள் கோபத்தைப் பார்த்து நண்பர்கள் வைத்த பெயர்தான் மிளகாய். வயது பத்து. மூன்று மாதத்துக்கு முன்னால் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஹெபடைடிஸ் ஈ என்ற கிருமி. ஒரு மாதம் படுத்துக் கிடந்தாள். பிறகு கண் வெளுத்தது, பசி வந்தது, வம்பிழுக்கத் தெம்பும் வந்தது. டாக்டர் பள்ளிக்கூடம் போகலாம் என்றார்.

பள்ளிக்கூடம்தான் தனி பெஞ்சு, தனி டம்ளர் என்றது. ரத்தப் பரிசோதனையில் 'நெகட்டிவ்' வந்தால்தான் பழைய இடம். ஓட்டக் குழுவிலும் அப்போதுதான் சேர்ப்பார்களாம்.

இரண்டு முறை எடுத்தார்கள். இரண்டு முறையும் பாசிட்டிவ்.

திங்கட்கிழமை, ஓட்டக் குழுவில் இருந்த இரண்டு பேர் வரவில்லை. அவர்களுக்கும் மஞ்சள் காமாலை.

"இவகிட்டேர்ந்துதான் ஒட்டிக்கிச்சு!" என்றது பின் பெஞ்சு.

டீச்சர் மிளகாயின் பெஞ்சை இன்னும் ஓரமாகத் தள்ளச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பையை வீசினாள். தையல் மிஷினில் இருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"பையை வைக்கணும்டீ, எறியக் கூடாது."

"ரத்தம் எடுத்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போம்மா. இப்பவே!"

பரிசோதனைக் கூடத்து அக்கா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு இந்த டெஸ்ட் கேட்டாங்க? இது கிருமியைத் தேடுற டெஸ்ட்டே இல்லம்மா. கிருமியோட சண்டை போட உன் உடம்பு ஒண்ணு செய்யுமே, அதைத் தேடுறது. கிருமி பெரும்பாலும் ஒரு மாசம், ஒன்றரை மாசத்துல போயிடும். இது மாசக்கணக்கா இருக்கும். திருடன் ஓடிட்டான், போலீஸ் இன்னும் நிக்குதுன்னு வெச்சுக்கோ."

"போலீஸைப் பாத்துட்டு என்னைத் திருடிங்கிறாங்களா?"

அக்கா சிரித்துவிட்டாள். மிளகாய் சிரிக்கவில்லை.

"அப்போ எங்க ஓட்டக் குழுவுல ரெண்டு பேருக்குக் காமாலை எப்படி வந்துச்சு?"

"இது பொதுவா சாக்கடை கலந்த தண்ணியில வரும். அவங்க எங்க தண்ணி குடிச்சாங்கன்னு கேளு."

கேட்டாள். காமாலையில் வீட்டில் படுத்திருந்த இருவரில் ஒருவன், குழுவில் முதலாவதாக ஓடும் நெட்டையன், ஜன்னல் வழியாகக் கத்தினான்.

"கிட்ட வராத, ஒட்டிக்கும்!"

"டேய், எனக்கேவா? ஓடி முடிச்சிட்டு எங்கடா தண்ணி குடிப்ப?"

"மைதானத்துக் குழாய்லதான். நீயும் அங்கதான குடிப்ப?"

ஆமாம். காமாலை வரும்வரை அவளும் அங்கேதான் குடித்தாள். ஓட்டக் குழுவைத் தவிர யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை.

மறுநாள் காலையில் அந்தக் குழாயைப் போய்ப் பார்த்தாள். பின்னால் கழிப்பறைச் சுவர். இரண்டுக்கும் நடுவில் மண் சொதசொதவென்று இருந்தது. நாற்றம் வேறு.

நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனாள். கையில் அந்த டம்ளர்.

"சார், நான் தனி பெஞ்சு, தனி டம்ளர். வீட்டுத் தண்ணி. அவங்களைத் தொட்டதுகூட இல்ல. என்கிட்டேர்ந்து எப்படி சார் ஒட்டும்?"

"அதும்மா..."

"ரெண்டு மாசமா என் ரத்தத்துல தேடினீங்க. குழாய்ல ஒரு தடவையாவது தேடினீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி.

மதியம் பிளம்பர் வந்து தோண்டினார். தண்ணீர்க் குழாயில் கை நீளத்துக்கு விரிசல். அதை ஒட்டியே கழிப்பறைக் குழாய், அதுவும் ஓட்டை.

"இதையா புள்ளைங்க குடிச்சுது?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார் பிளம்பர்.

மிளகாய் தன் டம்ளரைக் குழாயின் மேல் கவிழ்த்து மாட்டினாள். சிவப்பு வட்டம் மைதானம் முழுக்கத் தெரிந்தது.

"இனிமே இது இந்தக் குழாயோட டம்ளர்."

டீச்சர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "தப்பு எங்க மேலதான். பழைய பெஞ்சுக்கு வந்துடு. கோபம் போயிடுச்சா?"

மிளகாய் ஓடுவதற்குச் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"கிருமி எப்பவோ போயிடுச்சு டீச்சர். கோபம் மட்டும் இன்னும் பாசிட்டிவ்."