பாறை இடுக்குத் தண்ணீர்

ஆற்றை ஒட்டியே வந்த மலைச்சாலை உச்சிவேளையில் அடர்ந்த காட்டுக்குள் நுழைந்தது. தம்பி கெஞ்சியதால் அக்கா காரை ஓர் ஓடையருகே நிறுத்தினாள். மஞ்சள் காமாலையில் மூன்று மாதம் படுத்துக் கிடந்து எழுந்தவன் அவன். உடம்பு தேறியதும் மலையும் ஆறும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து அவளைக் கிளப்பியிருந்தான். காய்ச்சிய தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று அவளும் வழியெல்லாம் பாடம் நடத்தியிருந்தாள்.

அவள் கால்நடை மருத்துவர். பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கைவிட்டு, அழுகிப்போன கன்றை இழுத்துப் போட்டுவிட்டு, கை கழுவி நிம்மதியாகச் சாப்பிட உட்காருகிறவள். முகம் சுளிக்கிற ஆளுக்கு இந்த வேலை ஆகாது என்று சிரிப்பாள்.

ஓடை கண்ணாடி மாதிரி இருந்தது. அவள் காரைப் பூட்டிவிட்டுத் திரும்புவதற்குள் தம்பி குனிந்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடிக்க ஆரம்பித்துவிட்டான்.

திட்ட வாயெடுத்தவள் தற்செயலாக ஓடை வரும் மேல்பக்கம் பார்த்தாள்.

பத்தடி தள்ளி, இரண்டு பாறைகளுக்கு நடுவே, தண்ணீருக்குள் ஓர் ஆள் குந்தியிருந்தான். வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான். அவன் துப்பியது கரையவில்லை. சளிபோல வெள்ளையாக நூல்விட்டு, தம்பியின் கைகளை நோக்கி மிதந்து வந்தது.

அந்த ஆளின் முகம் நாள்பட ஊறிய ரொட்டிபோல உப்பியிருந்தது. கன்னத்துத் தோல் கழன்று தாடைக்குக் கீழே தொங்கியது.

தம்பி ஒரு வாய் விழுங்கினான்.

அந்த ஆளின் தொண்டையும் ஏறி இறங்கியது.

அவள் ஓடிப்போய்த் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மறுபடி பார்த்தபோது பாறைகள் மட்டும்தான் இருந்தன. எலி செத்து மிதக்கும் தொட்டியின் வாடை மூக்கில் ஏறியது.

"தண்ணி இனிக்குதுக்கா," என்றான் தம்பி.

கார் கிளம்பி இரண்டு வளைவு தாண்டுவதற்குள் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஒரு டீக்கடை முன்னால் இறக்கிவிட்டாள். சாலையோரத்தில் உட்கார்ந்து, குடலே வெளியே வந்துவிடும்போல ஓங்கரித்தான். உள்ளங்கையளவு வெள்ளையாக ஏதோ வந்து விழுந்தது. தொழில் பழக்கத்தில் ஒரு குச்சியால் புரட்டிப் பார்த்தாள்.

தோல்.

அதன் நுனியில் ஒரு கட்டைவிரல் நகம்.

வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கும் குமட்டிக்கொண்டு வந்தது. அங்கேயே வாந்தி எடுத்தாள்.

டீக்கடைக்காரர் கிட்டே வரவில்லை. எங்கே குடித்தீர்கள் என்று மட்டும் தள்ளி நின்று கேட்டார். ஒரு மழைக்காலத்தில் மரம் வெட்ட வந்த ஆள் வழுக்கி விழுந்து, பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டதாகவும், கீழே அந்த ஓடைத் தண்ணீரைக் குடித்தவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கண்டுபிடிக்கிறப்ப எலும்புதான் மிச்சம். ஒரு மாசம் நாங்க எல்லாரும் அந்த ஆளைத்தான் குடிச்சிட்டு இருந்தோம்."

ஊருக்குத் திரும்பியதும் தம்பிக்கு எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டான், தூங்கினான். அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

பத்தாம் நாள் மாலை, அவளை வீட்டுக்கு அழைத்துப்போகத் தம்பி மருத்துவமனைக்கு வந்தான். கடைசி நாய்க்குக் கட்டுப் போடும்வரை வெளிப் பெஞ்சில் காத்திருந்தான். அவள் வேலையை முடித்துவிட்டு, மேசையில் டம்ளரில் இருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். அவன் காரை எடுக்கப் போனான்.

துப்புரவுப் பணியாளர் அம்மா பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியில் வெள்ளையாக ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது.

"தம்பிகூட வந்தவருக்குத் தோல் வியாதியா டாக்டர்? பெஞ்சு பூரா ஈரம்."

தம்பி தனியாகத்தான் வந்தான் என்றாள் அவள்.

"இல்லையே, ஒட்டி உக்காந்திருந்தாரே. தாகமா இருக்குன்னு சைகை காட்டினாரு. உங்க மேசையில இருந்த டம்ளரைக் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சிட்டு, மீதியை அப்படியே உங்க மேசையிலயே வச்சிட்டாரு."

அவள் கையில் இருந்த டம்ளர் காலியாக இருந்தது.