விடுப்பு எடுக்காத கட்டைவிரல்

விபத்து நடந்த நாளிலிருந்து பத்தொன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு, வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தபோது, பிரஸ்காரர் தன் மனைவியோடு தொழிற்சாலை வாசலில் போய் நின்றார். ஆவி நடமாட ஏற்ற நேரமில்லைதான். ஆனால் ஷிப்டுக்குப் பழகிய ஆவிக்கு ராத்திரி என்ன, பகல் என்ன?

வலது கையில் பெரிய கட்டு. கட்டுக்குள் மூன்று விரல்கள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பிரஸ்ஸிலேயே தங்கிவிட்டன. பதினான்கு வருஷம் அந்த மெஷினில் தகடு வெட்டியவர். தகடு எது, விரல் எது என்று மெஷினுக்குத் தெரியாது. அதற்காகத்தான் முன்னால் ஒரு தடுப்பு இருந்தது. வேலை மந்தமாகிறதென்று மேனேஜர் அதைக் கழற்றி வைக்கச் சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து பிரஸ்காரருக்கு எதுவும் உறைக்கவில்லை. சோற்றில் உப்பில்லை என்று மனைவி சொன்னால்தான் தெரியும். அவள் அழுதபோதுகூட, பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

ஒன்று மட்டும் உறைத்தது. தினமும் காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு, அவர் வழக்கமாக வருகைக்கு ரேகை வைக்கும் நேரத்துக்கு, இல்லாத கட்டைவிரல் ஜில்லென்று ஒரு கண்ணாடியைத் தொடும்.

டாக்டரிடம் சொன்னார். "போன விரல் இருக்கிற மாதிரியே தோணும். சகஜம்," என்றார் டாக்டர்.

"எட்டு மணி ஷிப்டுக்கு எட்டு நிமிஷம் முன்னாடியே போறதும் சகஜமான்னு கேக்கலையா?" என்றாள் மனைவி.

அவள் கையில் ஒரு கடிதமும் அதன் நகலும் இருந்தன. விபத்து நடந்த தேதி, நேரம், எந்த மெஷின், பக்கத்தில் நின்று பார்த்தவர் யார், எல்லாம் எழுதியிருந்தது. வார்டு நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். "வாயால சொன்னது காத்தோட போயிடும்க்கா. எழுத்துல குடுத்து, நகல்ல சீல் வாங்குங்க. அவங்க எதையாவது நீட்டினா இவரைக் கையெழுத்துப் போடவிட்டுடாதீங்க."

மேனேஜர் அறையில் ஏ.சி. ஓடியது. வாசனைத் திரவியம் அடித்திருந்தார்கள். அதற்கு அடியில் லேசாக மெஷின் எண்ணெய் வாடை.

"வாப்பா. உட்காரும்மா. கை எப்படி இருக்கு?"

"பாதி இருக்கு சார்."

மனைவி கடிதத்தை நீட்டினாள். மேனேஜர் அதை வாங்காமல், தன் பக்கமிருந்து ஒரு தாளையும் ஒரு நீல மைப்பேடையும் நகர்த்தி வைத்தார்.

"அன்னைக்கு இவர் லீவுல்ல? வீட்டு இரும்புக் கதவுல விரல் மாட்டிக்கிச்சு, பாவம். அப்படித்தான் எழுதியிருக்கேன். இதுல ஒரு ரேகை வெச்சா நாளையிலேர்ந்து வாட்ச்மேன் வேலை. இல்லேன்னா நான் என்ன பண்ண? வேலையில அடிபட்டாத்தானேம்மா நஷ்டஈடு?"

"லீவா? காலையில நான்தானே சாப்பாடு கட்டிக் குடுத்தேன்."

"நீ சொல்றதும் வேணாம், நான் சொல்றதும் வேணாம். ரெக்கார்டு சொல்லட்டும்."

மணியடித்தார். டைம் ஆபீஸ் கிளார்க் வருகைப் பட்டியலோடு வந்தார். நடுத்தர வயசு, ஒடிசலான மனுஷன்.

மேனேஜர் அந்தத் தேதிமேல் விரலை வைத்தார். வெற்றிடம்.

மனைவி அதற்குக் கீழே பார்த்தாள். மறுநாள், ஏழு ஐம்பத்திரண்டு. அதற்கு மறுநாள், ஏழு ஐம்பத்திரண்டு. வரிசையாகப் பதினெட்டு நாள். வெளியே போன நேரம் ஒன்றுகூட இல்லை.

"ஆஸ்பத்திரியில மூக்குல குழாயோட படுத்திருந்தவர், இங்க வேலைக்கும் வந்தாரா?"

மேனேஜர் கிளார்க்கை முறைத்தார். "அழிக்கச் சொன்னேன்ல?"

"தினமும் அழிக்கிறேன் சார்," என்றார் கிளார்க். "காலையில திரும்ப வந்துடுது. ரேகை வைக்கிற மெஷினைக்கூட மாத்திட்டோம். நானே வாசல்ல நின்னு பாத்தேன். ஆள் இல்லை. மெஷின் பாட்டுக்கு 'நன்றி'ங்குது."

"எந்த விரல்?" என்று கேட்டார் பிரஸ்காரர். பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோலத்தான் கேட்டார்.

"வலது கட்டைவிரல்ணே. உங்களோடது."

கிளார்க் மேனேஜரைப் பார்க்காமல் பிரஸ்காரர் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு நீங்க வந்ததை அழிச்சோம்ணே. அது ஒண்ணுதான் நாங்க பண்ண தப்பு. வந்ததே இல்லேன்னு ஆக்கிட்டா, அது எப்படி வீட்டுக்குப் போகும்?"

"வாயை மூடு," என்று சொல்லி, மேனேஜர் எட்டிப் பிரஸ்காரரின் இடது கையைப் பிடித்தார். "நீ வைப்பா. வேலை வேணுமா வேணாமா?"

"வைக்காதீங்க," என்றாள் மனைவி.

பிரஸ்காரர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வாட்ச்மேன் வேலை நல்லதா கெட்டதா என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. வைத்துவிட்டால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம், அவ்வளவுதான். இடது கட்டைவிரல் மைப்பேடை நோக்கி இறங்கியது.

அப்போது வலது கட்டைவிரலில் ஈரம் பட்டது.

பேடின் நடுவே ஒரு குழி விழுந்தது.

இடது விரல் இன்னும் அரைச் சாண் உயரத்தில் இருந்தது.

எண்ணெய் வாடை குப்பென்று எழுந்தது. சூடான எண்ணெய், அறுந்த தகடு, அதோடு இன்னொரு வாடை. அதைப் பிரஸ்காரர் ஒரே ஒரு தடவைதான் முகர்ந்திருந்தார்.

தாளில் 'வீட்டில்' என்ற சொல்லின்மேல் ஒரு நீல ரேகை அழுந்தியது.

பிறகு 'கதவு' என்ற சொல்லின்மேல்.

பிறகு 'விடுப்பு'.

பதற்றமே இல்லை. பதினான்கு வருஷம் ஒரே வேலை பார்த்த விரல், இடம் பார்த்து, அளவு பார்த்து, ஒவ்வொன்றாக அழுத்தியது. பொய் தீர்ந்ததும் தாளைவிட்டு இறங்கி, மேஜைக் கண்ணாடிமேல் நடந்தது. ஒரு ரேகை. அடுத்த ரேகை. மேனேஜரின் கைக்கடிகாரத்துக்கு அரை அங்குலம் முன்னால் நின்றது.

"நிறுத்தச் சொல்லுப்பா," என்று மேனேஜர் முனகினார்.

"நான் சொன்னா எப்படி சார் கேக்கும்? நான்தான் லீவாச்சே. அது இப்ப உங்ககிட்டதான் வேலை பாக்குது."

மனைவி கடிதத்தையும் நகலையும் அவர் முன்னால் வைத்தாள். "சீல் போடுங்க சார்."

போட்டார்.

"தேதி?"

எழுதினார்.

"கையெழுத்தும் போட்டுடுங்க. விபத்துப் பதிவேட்டுலயும் இப்பவே எழுதிடச் சொல்லுங்க, பாத்துட்டுப் போறோம்."

கிளார்க் பதிவேட்டைக் கொண்டுவந்து எழுதினார். எழுதி முடிக்கும்வரை மேனேஜர் மேஜையிலிருந்து கையை எடுக்கவும் இல்லை, அசைக்கவும் இல்லை.

மறுநாள் காலை ஏழு ஐம்பத்திரண்டுக்குப் பிரஸ்காரர் பாயில் உட்கார்ந்து காத்திருந்தார். கண்ணாடி வரவில்லை. அதற்குப் பதில், கட்டுக்குள்ளே முதல்தடவையாக வலித்தது. நல்ல வலி. மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

எட்டேகாலுக்கு போன் அடித்தது. கிளார்க்.

"அண்ணே, உங்களோடது இன்னைக்கு வரலை," என்றார் ரகசியக் குரலில். "ஆனா மெஷின் பதினோரு தடவை 'நன்றி' சொல்லிச்சு. எல்லாம் பழைய நம்பர். நான் சேர்றதுக்கு முன்னாடி, வீட்டுல அடிபட்டுதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனவங்க. அதுல ரெண்டு பேரு பொம்பளைங்க."

"மேனேஜர் என்ன சொல்றாரு?"

"அவர் வரலை. எல்லாத்தையும் அழின்னு போன்ல சொன்னாரு. அழிக்கிற பட்டன்ல கை வெச்சேன்ணே. அதுல ஏற்கெனவே ஒரு விரல் இருக்கு. என் விரலுக்கு அடியில. ஜில்லுன்னு."

"கட்டைவிரல்னா பயப்படாதே தம்பி. என்னோடதாத்தான் இருக்கும்."



"இல்லண்ணே," என்றார் கிளார்க். "நகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசியிருக்கு."