இரண்டாவது பூச்சு

பொம்மையின் வாயை மூடியிருந்த ரப்பர் தோல், மூச்சு விடுவதுபோல் உள்ளே போய் வெளியே வந்தது.

பெரியவன் பூதக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். கட்டைவிரல் உயரப் பொம்மை. அசையவில்லை. மத்தியான வெயில் மேசைமேல் சாய்ந்து கிடந்தது. மின்விசிறிக் காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். தூசி பறக்கும் என்று அந்த அறையில் மின்விசிறியே மாட்டாத ஆள் அவன் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

மேசையில் இருந்தது அப்பாவின் கார் பட்டறை, சாப்பாட்டுத் தட்டில் அடங்கும் அளவில். ஸ்பேனர் மாட்டிய சுவர், எண்ணெய்க் கறை படிந்த தரை, பானெட் திறந்த கார், அதன் இரு பக்கமும் நீல உடுப்பில் பொம்மைகளாக அவனும் அவன் தம்பியும். தம்பிக்குப் பரிசாகக் கொடுக்க ஆரம்பித்தது. இரண்டு முகங்களையும் ஊசிமுனைத் தூரிகையால் தீட்டி முடித்து, உடுப்புக்கு நீலம் அடிக்கும்போது தெறிக்காமலிருக்க, முகங்கள்மேல் மாஸ்கிங் திரவத்தைப் பூசியிருந்தான். பால் மாதிரி இருக்கும். அமோனியா வாடை மூக்கைத் துளைக்கும். காய்ந்தால் மெல்லிய ரப்பர் தோலாகிவிடும். வேலை முடிந்ததும் உரித்தால் அடியில் இருப்பது அப்படியே இருக்கும். ஆனால் அன்றைக்கே உரித்துவிட வேண்டும். நாள்பட்டால் அடியிலுள்ள பெயிண்டையும் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

அன்றைக்குப் பார்த்துத்தான் சண்டை வந்தது.

"எப்பப் பாரு பொம்மையோட குடித்தனம்" என்றான் சின்னவன். "அப்பா கடைசி வரைக்கும் உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. நீ இந்த மேசையை விட்டு எழுந்திருச்சியா?"

உண்மை சுடும். பெரியவன் பளாரென்று அறைந்தான். தம்பி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறிய பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. தூரிகையைத் திரவத்தில் தோய்த்து, "வாயை மூடுடா" என்று முணுமுணுத்தபடி, தம்பி பொம்மையின் முகத்தில் தடிப்பாக இரண்டாவது பூச்சு பூசினான்.

மூன்று வாரமாயிற்று. வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். பேச்சுவார்த்தை இல்லை. பொம்மைக்குப் புருவம் தீட்டத் தெரிந்தவனுக்குத் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. இன்று சாயங்காலம் சின்னவன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகிறான். பக்கத்து அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். போவதற்குள் பட்டறையை அவன் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். இருப்பது ஒரே தம்பி.

ட்வீசரால் தம்பி பொம்மையின் தாடையோரத்து ரப்பரைக் கவ்வி இழுத்தான். வரவில்லை. பக்கத்து அறையில் பெட்டிச் சத்தம் நின்றது.

இன்னும் இழுத்தான். ஓரம் கிளம்பியது. அதோடு ஒட்டிக்கொண்டு தோல்நிறமும் வந்தது. அடியில் சாம்பல் நிற பிளாஸ்டிக் தெரிய வேண்டும். சிவப்பாக இருந்தது. ஈரமாக இருந்தது.

"அண்ணா..." சுவருக்கு அப்பாலிருந்து, மூன்று வாரத்துக்குப் பிறகு, முதல் வார்த்தை. "என் தாடையை என்னமோ இழுக்குது."

கிளம்பிய ஓரத்தைப் பல்குச்சியால் அழுத்தி ஒட்டப் பார்த்தான். அந்தப் பக்கம் மூச்சு முட்டும் சத்தம். கால்கள் சுவரை உதைத்தன. குச்சியை எடுத்தான்.

"வலிக்குதுண்ணா! விடு! விட்டுடு!"

விடத்தான் நினைத்தான். ட்வீசரைப் பிடித்த விரல்கள் இறுகிவிட்டன. கை வெடுக்கென்று பின்னுக்கு வந்தது.

இரண்டு பூச்சு. முழுசாக வந்துவிட்டது. தாடை. உதடு. மூக்கு. இமை.

அலறல் பாதியில் அறுந்தது. ஏதோ கனமாக விழுந்தது. பிறகு, ஈரத்துணியை இழுத்துவருவதுபோல் காலடிகள்.

கதவு திறந்தது. சின்னவனின் சட்டை மார்புவரை நனைந்து ஒட்டியிருந்தது. அதற்கு மேலே பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்தான். இமையில்லாத இரண்டு விழிகள். உதடில்லாத பல்வரிசை. நடுவில் ஒரு துளை, குமிழியிட்டபடி.

மன்னிச்சிடுடா என்று கத்தப்போனான். வாய் திறக்கவில்லை. உதட்டைத் தடவினான். வழுவழுவென்று ரப்பர். அமோனியா வாடை தன் மூச்சிலிருந்தே வந்தது. மூன்று வாரமாகச் சொல்ல முடியாமல் போனதற்கு வீம்பு என்று பெயர் வைத்திருந்தான்.

சின்னவன் எதிரே உட்கார்ந்தான். மேசையில் சொட்டியது. அண்ணனின் கையிலிருந்து ட்வீசரை மெல்ல வாங்கி, அதன் நுனியில் தொங்கிய தோலைப் பட்டறையின் தரையில் கவனமாக விரித்து வைத்தான். பிறகு அண்ணன் பொம்மையை எடுத்து முகத்தை வெயில் பக்கம் திருப்பினான்.

தரையில் விரிந்து கிடந்த குட்டி உதடுகள் அசைந்தன.

"உனக்கு ஒரு பூச்சுதானேண்ணா. சுலபமா வந்துடும்."

ட்வீசர் பொம்மையின் தாடையைத் தொட்டது. பெரியவனின் காதுக்குக் கீழே, தோலின் ஓரம் கிளம்பியது.