உப்புத் தண்ணீரில் ஒரு கை

“அனுமதியற்ற வளர்ச்சி. இடம், இடது முன்கை. தணிக்கப்பட்டது.”

காலைக் காப்பிகூட உள்ளே போகவில்லை, அதற்குள் சந்தனமாரியின் கைப்பட்டை ஆரம்பித்துவிட்டது. அந்தக் குரலை எந்தப் புண்ணியவான் தேர்ந்தெடுத்தானோ தெரியாது, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை வெயிலில் நிறுத்துகிற டீச்சரின் குரல்.

“வளந்தா வளந்துட்டுப் போவுது. ஒனக்கு எங்க வலிக்கி?” என்று அவள் பட்டையைப் பார்த்துக் கேட்டாள். பட்டையை எதிர்த்துப் பேசுவதை மட்டும் சட்டம் இன்னும் குற்றமாக்கியிருக்கவில்லை.

கழுத்தெலும்புக்குக் கீழே அரிசி அளவில் ஒரு கருவி எல்லோருக்கும் இருந்தது. ஏட்டில் அதன் பெயர் வளரடக்கி, ஊர் வாயில் அடக்கி. அது செய்வதை மணிக்கட்டுப் பட்டை வாய்விட்டு அறிவிக்கும். இரத்தக் குழாய்ச் சுவரில் மென்தசைச் செல்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. சாதாரண நாளில் அவை குழாயைச் சுருக்கி விரித்துச் சத்தமில்லாமல் வேலை பார்க்கும். குழாயில் காயம் பட்டால் போதும், அந்த வேலையைப் போட்டுவிட்டுப் பெருகி, நகர்ந்து வந்து, காயத்தை மூடும். மூடியதோடு நிற்காமல் சில சமயம் குழாயையே அடைத்துவிடும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மறுபடியும் மறுபடியும் அடைத்துக்கொண்டது இப்படித்தான். ‘வளராதே, வேலையைப் பார்’ என்று அடக்கி அந்தச் செல்களிடம் ஓயாமல் முணுமுணுத்தது. மெல்லிய மின்துடிப்பாக, தோல் வழியாக, உடம்பு முழுவதும் அந்த முணுமுணுப்பு போனது. அது கட்டாயமாகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மாரடைப்பு பாடப்புத்தகத்தில் படிக்கிற சங்கதியாகிவிட்டது. அந்தப் புண்ணியத்தைச் சந்தனமாரியும் மறுக்கவில்லை.

ஆனால் அவளுக்கு வளர வேண்டியிருந்தது. தூத்துக்குடி உப்பளத்தில் காலமெல்லாம் வெயிலில் உப்பு வாரியதில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. செயற்கைச் சிறுநீரகம் வருகிறது வருகிறது என்றார்கள். வந்தது, பெரிய நகரங்களோடு நின்றுகொண்டது. இங்கே இன்னும் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்தான். அதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைப்பார்கள், பிஸ்டுலா என்று பெயர். தமனியின் வேகம் தாங்காமல் அடிவாங்கும் சிரையில் மென்தசைச் செல்கள் விழித்துப் பெருகும், சுவர் தடிக்கும். ஆறேழு வாரத்தில் நரம்பு கயிறாக எழும்பி ஊசியைத் தாங்கும். இதைப் பழுப்பது என்பார்கள்.

வலது கையில் இரண்டு முறை தைத்தும் அவளுக்குப் பழுக்கவில்லை. ஆளைக் கொல்லும் வளர்ச்சி எது, ஆளைக் காப்பாற்றும் வளர்ச்சி எது என்று அடக்கிக்குத் தெரியாது. கழுத்தில் குழாய் செருகி ஓட்டிக்கொண்டிருந்தாள். அதில் இரண்டு தடவை கிருமி ஏறியும் பிழைத்துக்கொண்டாள். மூன்று வாரத்துக்கு முன் இடது கையில் தைத்தார்கள். அதுதான் கடைசி இடம், அதுவும் போனால் அவளும் போக வேண்டியதுதான்.

அன்று டயாலிசிஸ் இல்லாத நாள். மனுவை எடுத்துக்கொண்டு குருதிக்குழல் ஆணையத்தின் மண்டல அலுவலகத்துக்குப் போனாள். ஆணையர் டாக்டர் மகிழ்நன் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

“இந்த ஒத்தக் கையில மட்டும் ரெண்டு மாசம் நிப்பாட்டித் தாங்க சார். மத்த இடமெல்லாம் அது இஷ்டத்துக்கு அடக்கிட்டுப் போவட்டும்.”

“அப்படி ஒரு கைக்கு மட்டும் நிறுத்த முடியாதும்மா. உடம்பு முழுக்க ஒரே கட்டளைதான்.”

“அப்ப முழுசா நிப்பாட்டுங்க.”

“அது குற்றம். சிகிச்சை அட்டையே ரத்தாகிடும்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்கப்பாவுக்கு மூணு தடவ ஸ்டென்ட் வச்சோம். மூணு தடவயும் உள்ள சதை வளந்து அடைச்சிருச்சு. அந்தக் காலத்துல இது இருந்திருந்தா அவர் இருந்திருப்பார். அதனாலதான் இந்த விதிய நானே உக்காந்து எழுதினேன். உங்களுக்கு விட்டா நாளைக்கு இன்னொருத்தர் வருவார். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“ஒங்க அப்பா வளந்து செத்தாவ. நான் வளராமச் சாவணும்னு சொல்லுதீய.”

அவர் மனுவில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று முத்திரை குத்தினார். சந்தனமாரி அந்தத் தாளை நாலாக மடித்து, அவருடைய மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். அழக் கூடாது என்று படியிறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பேருந்தில் ஏறியதும் அழுகை போய்க் கோபம் வந்தது. கோபம் அவளுக்கு எப்போதும் உடம்புக்கு நல்லது.

மறுநாள் டயாலிசிஸ் நிலையத்தில் செவிலி ஜெபராணி அவள் கையைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பழுத்த பிஸ்டுலாவில் விரல் வைத்தால் உள்ளே இரத்தம் உறுமுவது தெரியும். சந்தனமாரியின் கையில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சேர்மக்கனி அண்ணாச்சியின் கையோ மோட்டார் போட்டதுபோல உறுமியது.

“அண்ணாச்சிக்கு மட்டும் எப்படி ராணி?”

“யாருக்குத் தெரியும்க்கா. நம்ம சென்டர்லயே இவியளுக்கு மட்டுந்தான் பழுத்துருக்கு. அதுவும் சொன்ன பேச்சு கேக்காத ஆளு. டயாலிசிஸ் இல்லாத நாளெல்லாம் உப்பு வாரப் போயிருதாவ.”

சேர்மக்கனி கண்ணைத் திறக்காமலேயே சிரித்தார். “வீட்டுல உக்காந்தா பைத்தியம் புடிக்கும்மா. பாத்தித் தண்ணியில முழங்கை வரைக்கும் முக்கி வேலை பாத்தாத்தான் ஒறக்கம் வருது. அந்தப் பட்டையும் அங்கன வாயத் தொறக்காது.”

சந்தனமாரி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கழுத்துக் குழாய் இழுத்தது, ஜெபராணி அதட்டினாள், அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. பாத்தியில் இறங்கினால் பட்டை ‘தொடர்பில்லை’ என்று கத்தும் காலம் ஒன்று இருந்தது. எந்நேரமும் கத்தல், வேலை ஓடவில்லை என்று கங்காணிகள் புகார் எழுதினார்கள். ஆணையம் காரணத்தைத் தேடவில்லை. பதிவேட்டில் ‘உப்பளத் தொழிலாளர்: தொடர்பின்மை இயல்பு’ என்று ஒரு வரி சேர்த்துக் கத்தலை நிறுத்திவிட்டது. அந்த வரியை எழுதிய ஆள் அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போயிருப்பார்.

“ராணி, உப்பு பூக்கப் போற தண்ணியில கரெண்டு எப்படி ஓடும்?”

“நம்ம ஒடம்புல ஓடுறதவிட நல்லா ஓடும்.” சொல்லி முடிப்பதற்குள் ஜெபராணிக்கும் புரிந்துவிட்டது. அடக்கியின் முணுமுணுப்பு தோல் வழியாகத்தானே வருகிறது? கையை முற்றிய உப்புநீரில் முக்கினால் அது கைக்குள் போய்ச் சேராது, தண்ணீரில் இறங்கிக் கரைந்துவிடும்.

“எக்கா, மாட்டுனா என் வேலை போயிரும்.”

“செய்யாம இருந்தா என் உசுரு போயிரும். எது பெருசுன்னு நீயே சொல்லு.”

மறுநாள் ஜெபராணி ஒரு பிளாஸ்டிக் தொட்டியோடு அவள் வீட்டுக்கு வந்தாள். காய்ச்சி ஆறவைத்த உப்புநீர், தையல் முழுக்க ஆறியிருக்க வேண்டும், ஊசி போட ஆரம்பித்த பிறகு ஓட்டை மூடாமல் கையை விடக் கூடாது என்று ஆயிரம் நிபந்தனை போட்டாள். சந்தனமாரி முழங்கை வரை கையை முக்கி, உள்ளங்கையில் ரப்பர் பந்தை வைத்து அமுக்கினாள். கைப்பட்டை ஒருமுறை ‘தொடர்பில்லை’ என்று முனகிவிட்டு வாயை மூடிக்கொண்டது. பதிவேட்டில் அவள் இன்னும் உப்பளத் தொழிலாளிதான். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு சட்ட வரி அவள் பக்கம் இருந்தது.

தினமும் ஆறு மணி நேரம் முக்கினாள். தோல் வெந்தது, பிளந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அடுத்த நாள் மறுபடியும் முக்கினாள். நாலாவது வாரம் நரம்பு லேசாக எழும்பியது. ஏழாவது வாரம் ஜெபராணி விரலை வைத்துவிட்டு, எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்றாள். கை உறுமியது. சந்தனமாரி அதைக் காதோடு வைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள். பிறகு கழுத்துக் குழாயைப் பிடுங்கச் சொன்னாள்.

ஐந்து மாதத்தில் நிலையத்தின் பின்கட்டில் பதினோரு தொட்டிகள் வரிசையாக நின்றன. பழுத்த கை மறுபடி அடங்காமலிருக்கச் சந்தனமாரியும் தினமும் வந்து முக்கினாள். எல்லோரும் உப்பளத்து ஆட்கள், எல்லோர் பட்டையும் ஊமை. ஆனால் புள்ளிவிவரத்தின் வாயை மூட முடியாதே. மாநிலத்திலேயே பிஸ்டுலா பழுக்கிற ஒரே இடம் இதுதான் என்று எங்கோ ஒரு கணினி கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது. ஒரு பிற்பகலில் டாக்டர் மகிழ்நன் வந்து பின்கட்டு வாசலில் நின்றார். ஜெபராணி சுவரோரம் ஒதுங்கினாள். சந்தனமாரி கையைத் தொட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

“வாங்க சார். முத்திரை கொண்டாந்திருக்கீயளா?”

அவர் தனியாகத்தான் வந்திருந்தார். தொட்டிகளைப் பார்த்தார், அதில் முங்கிக் கிடந்த கைகளைப் பார்த்தார். பிறகு அவள் எதிரே ஸ்டூலில் மெதுவாக, உடம்புக்குள் கண்ணாடிப் பாத்திரம் இருப்பதுபோல உட்கார்ந்தார்.

“எனக்குப் பெருந்தமனி வீங்கியிருக்கும்மா. எனக்கு மட்டும் இல்ல, ஆயிரக்கணக்கான பேருக்கு. வெளிய சொல்லல. குழாய்ச் சுவர்ல தினமும் சின்னச் சின்னக் காயம் படும், அத ஆத்தத்தான் அந்தச் செல் வளரும். இருபத்திரண்டு வருஷமா ஆத்த விடல. சுவர் மெலிஞ்சுபோச்சு.”

“அப்ப அடக்கிய நிப்பாட்ட வேண்டியதுதான?”

“நிறுத்திப் பாத்துட்டோம். அதுங்க எழுந்திருக்கல, வளர்றதையே மறந்துடுச்சு.” அவர் தொட்டியைக் காட்டினார். “உப்பளத்துல இருந்தவங்களுக்கு மட்டும் தினமும் சில மணி நேரம் விடுதலை இருந்திருக்கு. உங்க கையில இருக்கிற செல்லுக்கு வளரத் தெரியும். ஒரு ஊசிமுனை அளவு குடுங்க. ஆய்வகத்துல பெருக்கி எங்க சுவர்ல ஒட்டிக்குவோம்.”

சந்தனமாரிக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

“தாறேன். ஒங்க அப்பா மாதிரி நீங்களும் போவ வேண்டாம். ஆனா ஒண்ணு. அடக்கிய நிப்பாட்டுற சாவி அவியவிய கையில இருக்கணும். எப்ப வளரணும், எப்ப அடங்கணும்னு வைத்தியரக் கேட்டு நாங்க முடிவு பண்ணிக்கிடுதோம். அத மொதல்ல எழுதித் தாங்க.”

“விதிய மாத்த மூணு மாசமாவது ஆகும்மா. அதுக்கு முன்னாடி உங்களுக்கு மட்டும்னா நான்...”

“எனக்கு மட்டும் வேண்டாம். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்.”

சொல்லிவிட்டுக் கையைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்தாள். துண்டால் துடைத்தாள், அவசரமே இல்லாமல், விரல் விரலாக. உப்புநீர் வடிந்ததும் கைப்பட்டை விழித்துக்கொண்டது.

“அனுமதியற்ற வளர்ச்சி. இடம், இடது முன்கை. தணிப்பு தொடங்குகிறது.”

தனக்கு வேண்டிய செல்கள் கண்ணெதிரே அடங்கப்போகின்றன என்று மகிழ்நன் துள்ளி எழுந்தார். அவருக்கே தெரியாமல் அவருடைய இரண்டு கைகளும் அவள் முன்கையைப் பற்றித் தொட்டிக்குள் அமுக்கின. சட்டைக் கை முழங்கை வரை நனைந்தது, கண்ணாடியில் உப்புநீர் தெறித்தது. அவர் விரல்களுக்கு அடியில் அவளுடைய நரம்பு உறுமிக்கொண்டிருந்தது.

அவருடைய மணிக்கட்டிலிருந்த பட்டை தண்ணீருக்குள்ளிருந்து கத்தியது.

“தொடர்பில்லை. தொடர்பில்லை. விதிமீறல் பதிவு செய்யப்படுகிறது.”

அவர் உப்பளத் தொழிலாளி இல்லையே, அது கத்தத்தான் செய்யும். அவருடைய அலுவலகத்தில், அவருடைய மேஜைத் திரையிலேயே சிவப்பு விளக்கு எரிந்திருக்கும்.

“ஒங்களத்தான் கூப்பிடுதாவ சார்” என்றாள் சந்தனமாரி. “கைய எடுக்கப் போறீயளா?”

டாக்டர் மகிழ்நன் கையை எடுக்கவில்லை. ஜெபராணியைத் திரும்பிப் பார்த்து, எழுத ஒரு தாள் கொண்டுவரச் சொன்னார்.