ராசாவின் நெற்றிப் பொட்டு

வெள்ளி, காலை 8.10. இரவு வேலை முடிந்து நிருஜா கனடாவின் யூனியன்வில் வீட்டுக்குள் நுழைந்தபோது, மாமி தெய்வநாயகி ஈரத்துணியுடன் சுவரில் இருந்த ராசாவின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இந்தப் பொட்டு அழியுதில்லை!"

அது விக்டோரியா காலத்து அச்சுப்படம். படத்தில் இருப்பவர், கீழைத்தேச ராசா வேடத்தால் லண்டனில் பெயர்பெற்ற ஒரு நடிகர். கையால் வர்ணம் தீட்டியது. நாடகப் பைத்தியமான அவள் கணவன் விதுர்சன் தேடி வாங்கியது. வெள்ளிக்கிழமைகளில் மாமி சாமிப் படங்களைத் துடைத்துக் குங்குமம் வைக்கும்போது ராசா படத்தின் கண்ணாடியிலும், நெற்றிக்கு நேரே, ஒன்று வைப்பார்.

நிருஜா பிரேமைக் கழற்றினாள். பொட்டு கண்ணாடியில் இல்லை; தாளில் அச்சாகியிருந்தது. தாளும் புத்தம்புதிது. அசலை யாரோ எடுத்துவிட்டு நகலை வைத்திருக்கிறார்கள்.

"ரம்ஸீன்தான்!" விதுர்சன் போனை எடுத்தான். "திங்கக்கிழமை பிரேம் மூலை கழண்டதெண்டு அவன்ரை கடையிலைதானே குடுத்து, அண்டைக்கே திருப்பி வாங்கினனான். பொலிசுக்கு அடிக்கிறன்."

"இருபது வருசக் கூட்டாளியை? கொஞ்சம் பொறுங்கோ." அவள் கதிரையில் சாய்ந்தாள். "மாமி, வேறை ஆர் தொட்டது?"

"படத்துக்கு விலை மதிப்புப் போட வந்த கிளிபோட். போன சனிக்கிழமை சுவரிலை இருக்கேக்கையே போனிலை படமெடுத்தவர். புதன்கிழமை திரும்ப வந்து அளவு பாக்கோணுமெண்டார். நான் தேத்தண்ணி போடப் போனன்."

நிருஜா கண்களை மூடிக்கொண்டே பேசினாள்.

"ரம்ஸீன் கண்ணாடியைக் கழட்டித்தான் பிரேம் திருத்தினவர். அவர் நகலெடுத்திருந்தால் கண்ணாடி இல்லாத தாளைப் பாத்துத்தான் எடுத்திருப்பார், பொட்டு வராது. உது கண்ணாடிக்கு வெளியிலை நிண்டு எடுத்த படம். மாமியின்ரை குங்குமத்தைத் தலைப்பாகைக் கல்லெண்டு நினைச்சு கிளிபோட் அப்பிடியே அச்சடிச்சிட்டார். நடிகருக்கும் பொட்டு வைக்கிற வீடு இருக்குமெண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?"

"ராசாவெண்டால் மரியாதை வேண்டாமோ?" என்றார் மாமி.

முற்பகல் 11.30. முறைப்பாட்டின்பேரில் தேடிப் போன பொலிஸ், கிளிபோட்டின் அலுவலகத்தில் அசல் அகப்பட்டதாகப் போனில் சொன்னது. விதுர்சனின் முகம் மட்டும் தெளியவில்லை.

"என்ன?" என்றாள் நிருஜா.

"நீர் வரமுந்தியே ரம்ஸீனுக்கு மெசேஜ் போட்டிட்டன்."

"நான் வந்தாப் பிறகுதானே பிரேமே கழட்டினது?"

"பொட்டு அழியேல்லை எண்டோடனை உது நகலெண்டு எனக்கு விளங்கிட்டுது. கள்ளன் எண்டு எழுதிப்போட்டன். பாத்திட்டான். பதில் இல்லை."

நிருஜா படுக்கையறைக் கதவை ஒருதரம் ஏக்கத்தோடு பார்த்தாள். பிறகு ஜக்கெற்றைத் திரும்பவும் மாட்டினாள்.

"கார்த் திறப்பை எடுங்கோ. உதுக்கு மெசேஜிலை மன்னிப்புக் கேக்கேலாது."